மகன் முகம் உரிகிறது, சாலிசிலிக் சீரத்தை நிறுத்தச் சொல்லவா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் கரூர். மகன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது. இரண்டு வருஷமாக நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் பொரிப்பொரியாகப் பரு. கன்னத்தில் அவ்வப்போது சிவந்து பழுத்தும் வரும். போன மாதம் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் சீரமும், அதே மருந்து போட்ட ஃபேஸ்வாஷும் ஆன்லைனில் வாங்கினான். காலையும் இரவும் இரண்டையும் போடுகிறான். மூன்று வாரம் ஆகிறது. நெற்றி கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிகிறது. ஆனால் கன்னத்திலும் வாயோரத்திலும் தோல் உரிந்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரிகிறது என்கிறான். வாயைச் சுற்றிக் கறுத்தும் போய்விட்டது. கேட்டால், “அது பர்ஜிங் அம்மா, உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வருது” என்கிறான். பக்கத்து வீட்டில், “ஆசிட்டைப் போய் யாராவது முகத்தில் போடுவாங்களா?” என்று பயமுறுத்துகிறார்கள். இவன் அப்பாவின் காலாணிக்கு வாங்கிய மருந்திலும் இதே பெயர்தான் இருக்கிறது. சீரம் தீர்ந்தால் அதைப் போடலாமா என்று வேறு கேட்கிறான். இன்னொன்று, மூத்த மகள் வளைகாப்பு முடிந்து எங்களோடு இருக்கிறாள், ஏழு மாதம். அவளும் தம்பியின் ஃபேஸ்வாஷைத்தான் எடுத்துப் போடுகிறாள். இதெல்லாம் சரிதானா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீரம், ஃபேஸ்வாஷ் இரண்டையும் இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். காலாணி மருந்து முகத்தின் பக்கமே போகக் கூடாது. மகளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, அவள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் மகன் வாங்கிய மருந்தில் தப்பில்லை. அதைப் போட்ட வேகமும் அளவும்தான் தப்பு.

ஆசிட் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கழிப்பறை கழுவுகிற ஆசிட் ஞாபகம் வந்திருக்கும். அது வேறு இனம். சாலிசிலிக் அமிலம் ஒரு வெள்ளைப் பொடி, தண்ணீரில் சரியாகக் கரையக்கூடச் செய்யாது. வில்லோ என்ற மரத்தின் பட்டையில் இருக்கும் பொருளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இதைத் தயாரித்தார்கள். 1897-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் இதைக் கொஞ்சம் மாற்றித்தான் ஆஸ்பிரின் செய்தார்கள். இந்த உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அலர்ஜி பற்றிப் பேசும்போது தேவைப்படும். தோல் வைத்தியத்தில் இது நூறு வருஷத்துக்கு மேல் புழங்குகிற சரக்கு. படர்தாமரைக்குப் பல காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் விட்ஃபீல்டு களிம்பில் 3 சதவீதம் இருப்பதும் இதே அமிலம்தான். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் பரு மருந்துகளில் இது 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதி. அப்படியானால் உங்கள் வீட்டில் இருக்கும் 2 சதவீதம் அந்த வரம்பின் உச்சி. முகம் வெந்து போகிற அளவு வீரியம் அதற்குக் கிடையாது. ஆனாலும் உச்சி உச்சிதான், விளையாட்டுக்குப் போடுகிற அளவு இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் தெரிந்துவிடும். நம் முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது அந்தச் சுரப்பி அதிகமாக எண்ணெய் விடும். அதே நேரத்தில் துளையின் வாயில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாஷ்பேசின் குழாயில் முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்கிற கதைதான். இந்த அடைப்பு மூடியிருந்தால் தோல் நிறத்தில் அல்லது வெள்ளையாகச் சிறு பொரி. திறந்திருந்தால் மேல்முனை கறுத்துக் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. காற்றுப் பட்டு நிறம் மாறிய கொழுப்பும் நிறமியும்தான். தேய்த்துக் கழுவினால் போகாது. அடைப்புக்குள்ளே எப்போதும் குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடம்பும் அதற்கு எதிர்வினை காட்டும்போது சிவந்து வீங்கிச் சீழ் வைக்கிறது.

சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் தன்மை உள்ளது. அதனால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் நுழைந்து, அங்கே ஒட்டிக்கிடக்கும் செல்களின் பிடியைத் தளர்த்திவிடும். கிளைகாலிக் அமிலம் போன்றவை நீரில் கரைகிறவை. அவை பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடும். ஆகவே கரும்புள்ளி, பொரிப்பொரியான மூடிய பரு, எண்ணெய் வழிகிற மூக்கு, நெற்றி ஆகியவைதான் சாலிசிலிக்கின் சொந்த ஊர். நெற்றி தெளிந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை. வீக்கத்தைத் தணிக்கும் குணமும் அதற்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் கன்னத்தில் சிவந்து பழுத்து வருவது ஆழத்தில் நடக்கிற சண்டை. அதில் இதன் பங்கு சிறிது. சீழ்ப் பருவை இது ஒன்றே அடக்கிவிடும் என்று எந்த வீடியோ சொன்னாலும் நம்ப வேண்டாம். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-இல் வெளியிட்ட பரு வழிகாட்டுதலில் பென்சாயில் பெராக்சைடுக்கும் அடாப்பலின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்புகளுக்கும் உறுதியான பரிந்துரை இருக்கிறது. சாலிசிலிக் அமிலத்துக்கு ஒரு படி கீழே, நிபந்தனையோடு கூடிய பரிந்துரைதான். என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. லேசான பருவுக்கு நல்ல துணை, நடுத்தரப் பருவுக்குத் தனியாகப் போதாது.

சரி, முகம் ஏன் உரிந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் ஃபேஸ்வாஷ், அதன் மேல் சீரம். இரவிலும் அப்படியே. ஒரு நாளைக்கு நான்கு தடவை அதே அமிலம். இதற்கு முன் ஒரு நாள்கூடப் பழகாத தோலில், முதல் நாளிலிருந்தே. இரண்டிலும் 2 சதவீதம் என்றே போட்டிருந்தாலும் அவை ஒன்றில்லை. ஃபேஸ்வாஷ் ஒரு நிமிஷத்தில் தண்ணீரோடு போய்விடும், சீரம் விடியவிடியத் தோலிலேயே இருக்கும். அந்தச் சீரத்தின் அமிலத்தன்மையும் பெரும்பாலும் பி.எச். 3 முதல் 4 வரை வைத்திருப்பார்கள், அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். வேலை செய்வதும் அதனால்தான், எரிவதும் அதனால்தான். கன்னம், வாயோரம், மூக்கு மடிப்பு, கண்ணுக்குக் கீழே இதெல்லாம் தோல் மெல்லியதாகவோ எண்ணெய் குறைவாகவோ இருக்கும் இடங்கள். அங்கே முதலில் உரியும். குழம்பு பட்டால் எரிகிறது என்றால் தோலின் மேல் காப்பு கலைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் எதைப் போட்டாலும் எரியும், நல்ல மாய்ஸ்சரைசர்கூட முதல் இரண்டு நாள் சுரீர் என்று பிடிக்கலாம்.

பர்ஜிங் என்று மகன் சொல்வதில் அரைக்கால் உண்மை இருக்கிறது. துளை அடைப்பைத் தளர்த்தும் மருந்துகளைத் தொடங்கும்போது, ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருந்த சில பருக்கள் சீக்கிரமாக மேலே வந்துவிடலாம். ரெட்டினாய்டு களிம்பில் இதை அடிக்கடி பார்ப்போம். அப்படி வருவது வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வரும், பருவாகவே வரும், சில வாரத்தில் அடங்கும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது பருவே இல்லை. உரிதல், எரிதல், கறுத்தல், அதுவும் இதுவரை பரு வராத வாயோரத்தில். இது மருந்தின் எரிச்சலால் வந்த தோல் அழற்சி. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியாகாது, கூடத்தான் செய்யும்.

வாயைச் சுற்றிய கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலிசிலிக் அமிலத்தால் நமக்கு வரக்கூடிய முக்கியமான கெடுதல் இதுதான், ஆனால் பாட்டிலில் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. வெள்ளைத் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து, பெரும்பாலும் சுவடில்லாமல் போய்விடும். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் நிறமி செல்கள் எந்த எரிச்சலுக்கும் சட்டென்று பதில் சொல்லும். பரு, கீறல், கொசுக்கடி, மருந்து எரிச்சல் எதுவானாலும் ஆறிய பிறகு கறை நிற்கும். நான் பார்க்கும் பிள்ளைகளில் பலருக்குப் பருவை விட இந்தக் கறைதான் பெரிய கவலை. கறையைப் போக்க இன்னும் வீரியமான அமிலத்தைத் தேடிப் போய் இன்னும் கறுக்க வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகனும் அடுத்து அதைத்தான் செய்வான், முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். மேல்தோலில் நின்ற கறை தானாகவே மங்கும். அதற்குச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. வெயில் பட்டால் இன்னும் தள்ளிப்போகும். கிளைகாலிக் அமிலம் வெயில் கூச்சத்தைக் கூட்டும், சாலிசிலிக் அமிலம் அப்படிக் கூட்டுவதில்லை. ஆனாலும் கறை மங்குவதற்காக சன்ஸ்கிரீன் வேண்டும். எஸ்.பி.எஃப். 30, ஜெல் போன்றது, காலையில் கிளம்புமுன். சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகிறவனாக இருந்தால் அதற்கு முன்னும் ஒரு தடவை.

இந்த இரண்டு வாரத்துக்கு முகத்துக்கு மூன்றே பொருள் போதும். நுரை அதிகம் வராத, மருந்து எதுவும் சேராத ஒரு மென்மையான கிளென்சர். நான்-காமெடோஜெனிக் (துளையை அடைக்காதது) என்று போட்ட, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். அப்புறம் அந்த சன்ஸ்கிரீன். குளிக்கிற சோப்பை முகத்துக்குப் போட வேண்டாம். வாயோரம் வெடித்திருந்தால் இரவில் கொஞ்சம் வாஸ்லின். எலுமிச்சை, பற்பசை, பேக்கிங் சோடா, வால்நட் ஸ்கிரப் எதுவும் கிட்டே வரக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் குழைத்துப் பூசுகிற ஒரு வைத்தியமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பிரினும் சாலிசிலிக்கும் உறவுதானே தவிர ஒரே மருந்து இல்லை, அந்த விழுதில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று யாருக்கும் கணக்கும் இல்லை. கடலை மாவு போடச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாமல் இருந்தால் அதுவும் நல்லது. உரிந்த தோலில் அது வறட்சியைத்தான் கூட்டும்.

எரிச்சலும் உரிதலும் முழுக்க நின்ற பிறகு திரும்பத் தொடங்கலாம். இரண்டில் ஒன்றுதான். என்னைக் கேட்டால் ஃபேஸ்வாஷை வைத்துக்கொள்ளச் சொல்வேன். நெற்றிப் பொரிக்கும் மூக்குக் கரும்புள்ளிக்கும் பல பிள்ளைகளுக்கு அதுவே போதுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில் மட்டும், ஒரு நிமிஷம் மெதுவாகத் தடவிக் கழுவிவிட வேண்டும். இல்லை, காசு போட்டு வாங்கின சீரத்தை வீணாக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஃபேஸ்வாஷை விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு இரவு, நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும், நன்றாக ஈரம் காய்ந்த முகத்தில் மெல்லிசாக. கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் தவிர்த்துவிட வேண்டும். மேலே மாய்ஸ்சரைசர். இரண்டு வாரம் தோல் தாங்கினால் ஒரு இரவு கூட்டலாம். தாங்கவில்லையென்றால் குறைக்கலாம். வாரத்துக்கு மூன்று இரவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் நல்ல பலன்தான்.

பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். இன்று வெளியே தெரிகிற பருவின் அடைப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்கும். ஆகவே எந்தப் பரு மருந்தையும் பத்து நாளில் எடை போட முடியாது. அவசரத்தில் அளவைக் கூட்டுவதால் அந்த இரண்டு மாதம் சுருங்காது.

நெற்றியில் மட்டும் ஏன் இவ்வளவு பொரி என்று யோசித்தீர்களா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்புவது நம் வீட்டு வழக்கம். அந்த எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்கித் துளைகளை அடைக்கும். தோல் மருத்துவத்தில் இதற்கே பொமேட் ஆக்னி என்று தனிப் பெயர் உண்டு. எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் தேய்த்து, அன்றைக்கே தலைக்குக் குளித்துவிடட்டும். ஜெல், வாக்ஸ் போடுகிறவனாக இருந்தாலும் இதே கதைதான். அப்புறம், நெற்றிப் பொரிகள் எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு இருந்தால், நெஞ்சிலும் முதுகிலும் அப்படியே இருந்தால், அது பருவே இல்லாமல் மலஸீசியா என்ற பூஞ்சையால் வந்த மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். வியர்வை ஊரில் இது சகஜம். சாலிசிலிக்கால் அது போகாது, அதற்குப் பூஞ்சை மருந்துதான் வேண்டும்.

இப்போது காலாணி மருந்துக்கு வருவோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் ஆபத்து இது, உங்கள் மகனுக்கு மட்டும் தோன்றிய யோசனையும் இல்லை. காலாணிக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் சாலிசிலிக் அமிலம் பொதுவாக 40 சதவீதம். மருவுக்குத் தொட்டு வைக்கிற திரவத்தில் ஏறத்தாழ 17 சதவீதம், பல சமயம் லாக்டிக் அமிலமும் கூடவே. பாதத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்துக் கிடக்கும் கெட்டித் தோலைக் கரைத்தெடுக்கச் செய்தது அது. முகத்தில் போட்டால் புண்ணாகும், ஆறினால் தழும்பு நிற்கும். பரு, மச்சம், பாலுண்ணி எதற்கும் போடக் கூடாது. வீட்டில் அந்த மருந்து இருக்கிறது என்றதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கணவருக்குச் சர்க்கரை வியாதியோ கால் மரத்துப்போகிற தொந்தரவோ இருந்தால் அவரும் காலாணி மருந்தைத் தானாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் நல்ல தோலும் சேர்ந்து வெந்து புண்ணாகிவிடும், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இதே பெயரோடு மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு டியூப் கிடைக்கும். ஸ்டீராய்டும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பு. சொரியாசிஸ் போன்ற தடித்த படைக்கு நாங்கள் எழுதுவது. “சாலிசிலிக் இருக்கா?” என்று கேட்டுப் போனால் சில இடங்களில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். போட்ட இரண்டே நாளில் சிவப்பு அடங்கி முகம் பளபளப்பாகும், பையன் மகிழ்ந்துபோவான். சில வாரத்தில் தோல் மெலிந்து, நிறுத்தினால் முகம் முழுக்க எரிந்து, ஸ்டீராய்டு பரு என்று புதிதாக ஒன்று கிளம்பும். நம் நாட்டில் இந்தப் பிரச்சினை எவ்வளவு முற்றியது என்றால், 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே டியூபில் சாலிசிலிக் என்ற பெயருக்குப் பக்கத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் முகத்துக்கு வேண்டாம்.

ஆன்லைனில் 20, 30 சதவீத சாலிசிலிக் பீல், அதாவது மேல்தோலை உரித்தெடுக்கிற மருந்து, என்று பாட்டிலில் விற்கிறார்கள். அந்த அளவை நாங்களும் பயன்படுத்துகிறோம், கருநிறத் தோலுக்குப் பொருந்துகிற பீல்களில் அதுவும் ஒன்று. ஆனால் முன்கூட்டியே தோலைத் தயார்செய்து, கடிகாரம் பார்த்துச் சில நிமிஷம் வைத்து, பொடி பூத்த மாதிரி வெள்ளை படிவதைக் கண்ணால் கவனித்துத் துடைத்தெடுக்கிற வேலை அது. அறையைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன் தனியாகச் செய்கிற வேலை இல்லை.

அலர்ஜி விஷயம். வறட்சியும் எரிச்சலும் பலருக்கு வரும், நிஜமான அலர்ஜி அரிது. ஆனால் வந்தால் கடுமையாக வரக்கூடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல், சீட்டில்லாமல் விற்கும் சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு பரு மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. 1969 முதல் 2013 தொடக்கம் வரை 131 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததாக அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. எத்தனையோ கோடிப் பேர் பயன்படுத்தும் பொருளில் இது மிகச் சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் கண், உதடு, நாக்கு வீங்குவது, தொண்டை இறுகுவது, மூச்சு முட்டுவது, மயக்கம் வருவது என்றால் முகத்தைக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மறுபடி அந்த மருந்தைத் தொடவே கூடாது. புதிதாக இந்த மருந்துகளில் எதை வாங்கினாலும் பரு உள்ள ஒன்றிரண்டு சின்ன இடத்தில் மூன்று நாள் போட்டுப் பார்த்த பிறகே முகம் முழுக்கப் போட வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஆஸ்பிரின் சாப்பிட்டால் தடிப்பு, வீசிங் வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாலிசிலிக்கைத் தொடங்க வேண்டாம்.

உடம்புக்குள் சேர்ந்து விஷமாகிவிடுமா என்ற பயமும் சிலருக்கு உண்டு. முகத்தில் 2 சதவீதம் போடுவதால் அது நடக்காது. அதிக வீரியத்தில் உடம்பின் பெரிய பரப்பில், அதுவும் உரிந்த தோலில், நாள்கணக்கில் பூசினால்தான் ரத்தத்தில் ஏறி, காதில் இரைச்சல், வாந்தி, மூச்சு வாங்குதல் வரும். சின்னக் குழந்தைகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும்தான் இதில் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

உங்கள் மகள் ஃபேஸ்வாஷைத் தொடரலாம். கழுவிவிடுகிற 2 சதவீதத்திலிருந்து உடம்புக்குள் போவது மிக மிகக் குறைவு. கர்ப்பிணிகள் பயன்படுத்தக்கூடிய பரு மருந்துகளில், கடையில் விற்கும் சாலிசிலிக் பூச்சுகளையும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு சேர்த்தே சொல்கிறது. பீலும், உடம்பு முழுக்கப் பூசுவதும் வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் தம்பியுடைய அலமாரியிலிருந்து எடுத்துப் போடுகிற பழக்கத்தை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. அவனுக்கு அடுத்த கட்டமாக அடாப்பலின் களிம்பு எழுத வேண்டி வரலாம், கர்ப்பத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். பரு முற்றி ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்குப் போனால் அது கர்ப்பிணியின் கையில் கிடைக்கவே கூடாத மருந்து, வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனங்களை உண்டாக்கும். அவளுக்கும் பரு தொந்தரவு இருந்தால் அசெலாயிக் அமிலம் என்ற களிம்பு உண்டு. கர்ப்பத்தில் போடலாம், கறைக்கும் நல்லது. அவளுடைய டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கன்னத்தில் பழுத்து வரும் பருக்களுக்கு என்ன செய்வது என்பது மிச்சம். தோல் ஆறிய பிறகு ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் இரவில் அடாப்பலின் 0.1 சதவீதம், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் என்று தொடங்குவோம். பெராக்சைடில் 2.5-ஐ விட 10 அதிகமாகச் சாதிப்பதில்லை, எரிச்சல்தான் அதிகம். கலர் சட்டை, துண்டு, தலையணை உறை பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும், வெள்ளைத் துண்டு தனியாகக் கொடுத்துவிடுங்கள். அவற்றைத் தொடங்கும்போது சாலிசிலிக்கை நிறுத்திவிடுவது நல்லது. எல்லாம் சேர்ந்தால் மறுபடி உரியும்.

வலியோடு ஆழத்தில் கட்டி கட்டியாக வந்தாலோ, ஆறிய இடம் குழிந்தாலோ, அப்பாவுக்கோ உங்களுக்கோ இளவயதில் பருத் தழும்பு விழுந்திருந்தாலோ பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். கறை மங்கும், குழி மங்காது. பரு திடீரென்று பெருகிப் புண்ணாகி, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். அந்த வயதுப் பையன்களுக்கு அபூர்வமாக அப்படி வருவதுண்டு. ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் மாவு குடிக்கிறானா என்றும் கேளுங்கள், சிலருக்கு அதில் பரு கூடும்.

டாக்டரிடம் போகும்போது சீரம், ஃபேஸ்வாஷ், யாராவது கொடுத்த டியூப், தலைக்குப் போடுகிற ஜெல் வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். “ஏதோ வெள்ளை டியூப் டாக்டர்” என்று சொன்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரோடு தனியாகப் பேச அவனுக்கு ஐந்து நிமிஷமும் கொடுங்கள். அம்மா முன்னால் சொல்லாத இன்னும் இரண்டு மருந்து பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும்.